ஆடு கிழித்த டாப்பு

தர்மபுரியில் அந்தக் காலத்தில், டாப்பை மடித்துவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டு போகிற கார்கள் இரண்டே இரண்டுதான் இருந்தன. இரண்டுக்கும் துணி தைத்தவள் நான். யுத்தம் வருவதற்கு முந்தைய வருஷங்கள். எனக்கு இருபத்தாறு வயது. கடைத்தெருவுக்குப் பின்னாலிருந்த எங்கள் வீட்டு முன்னறையில் கால் மெஷின் ஒன்று போட்டு, ஜாக்கெட்டும் பாவாடையும், ஆஸ்பத்திரி நர்ஸுகளுக்கு வெள்ளை உடுப்பும் தைத்துக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரர் பென்னாகரம் பஸ்ஸுக்கு டிரைவர்.

அவருக்குக் கார் பைத்தியம். சாப்பிடும்போதும் அதே பேச்சுதான். அவர் வாய் ஓயாமல் பேசியது முதலில் சிவப்பு வண்டியைப் பற்றி. அது காரிமங்கலம் பக்கத்துப் பண்ணை வீட்டுப் பிள்ளையுடையது. பட்டணத்தில் படித்துவிட்டு ஊர் திரும்பியவர். எல்லோரும் அவரைச் சின்னவர் என்பார்கள். வண்டியில் பாதி நீளம் பானெட்டுக்கே போய்விட்டது. மீதியில் இரண்டு பேர் கால் நீட்டி உட்காரலாம். கதவின் மேல்விளிம்பு முழங்கை வைக்க வாகாகத் தாழ்வாக வளைந்திருக்கும். டாப்பு ஒற்றைத் துணி, உள்ளே இரண்டு இரும்பு வளையம். மடித்து இருக்கைக்குப் பின்னால் தள்ளி மூடியைச் சாத்தினால், இந்த வண்டிக்கு டாப்பு உண்டு என்று சத்தியம் செய்தால்தான் நம்புவார்கள்.

பிறகு ஆஸ்பத்திரிக்கு ஒரு டாக்டரம்மா மாற்றலாகி வந்தார். அவருடன் வெண்ணெய் நிறத்தில் இன்னொரு வண்டி வந்தது. அதுவும் இரண்டு பேருக்கானதுதான். ஆனால் அதன் டாப்பு தடியானது. வெளியே கித்தான், நடுவில் பஞ்சு, உள்ளே சாம்பல் நிறத் துணி என்று மூன்று அடுக்கு. பக்கவாட்டில் வளைந்த இரும்புப் பட்டை பளபளக்கும். சிவப்பு வண்டிக்கு ஜன்னல் என்பது பொத்தான் போட்டு மாட்டுகிற பழுப்பேறிய கண்ணாடித்தாள். இதற்கோ கைப்பிடியைச் சுற்றினால் நிஜக் கண்ணாடி மேலே ஏறி வரும்.

எது அழகு என்று எங்கள் வீட்டில் தினமும் தர்க்கம்.

“செவப்பு நிக்கிறப்பவே ஓடுறாப்பல இருக்குது புள்ள,” என்பார் அவர். “வெண்ணெ வண்டிய பாரு. டாப்ப எறக்குனா முதுகுல மூட்டைய கட்டிக்கிட்டு போறாப்பல இருக்கும்.”

“அத ஏத்தி வெச்சா எத்தன லட்சணமா இருக்குது! உங்க செவப்புக்கு டாப்ப ஏத்துனா மழைக்கு கோணிச்சாக்கு போத்திக்கிட்டு நிக்கிற ஆளு மாதிரிதானுங்க இருக்குது,” என்பேன் நான்.

யோசித்துப் பார்த்தால் இரண்டு பேர் சொன்னதும் சரி. சிவப்பு வண்டி டாப்பு இல்லாதபோது அழகி. வெண்ணெய் வண்டி டாப்போடு இருக்கும்போது அழகி. ஆனால் அப்போது யாரும் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை.

இந்தத் தர்க்கத்துக்கு நடுவில்தான் ஆடு வந்தது. காரிமங்கலம் சந்தையன்று வெயிலுக்காக டாப்பை ஏற்றிவிட்டு, சின்னவர் வண்டியை ஒரு மேட்டை ஒட்டி நிறுத்தியிருக்கிறார். விற்க வந்த கிடா ஒன்று கயிற்றை அறுத்துக்கொண்டு மேட்டிலிருந்து டாப்பின்மேல் தாவிவிட்டது. நான்கு காலும் துணியைக் கிழித்துக்கொண்டு உள்ளே தொங்க, வயிறு மட்டும் வளையத்தில் மாட்டிக்கொண்டது. இறக்கிவிடும்வரை அது இடதுபக்க இருக்கையை உதைத்துக்கொண்டே கத்தியதாம். சந்தையே சுற்றி நின்று சிரித்தது என்று சின்னவர் எங்கள் வீட்டில் உட்கார்ந்து சொன்னபோது அவரும் சிரித்தார். மடியில் கிழிந்த டாப்பு கிடந்தது.

“அக்கா, இத நீங்கதான் தெச்சு தரணும். டிரைவர் அண்ணன் உங்க கைய பத்தி அப்பிடி சொல்றாரு.”

“நான் ஜாக்கெட்டு தெக்கிறவ, சாமி. காருக்கெல்லாம் தெச்சதில்லீங்க.”

“இதுவும் ஒரு ஜாக்கெட்டுதானுங்க அக்கா. ஒரே ஒரு விசயம். டாக்டரம்மா வண்டி மாதிரி ஒரு சொட்டு ஒழுவக்கூடாது. ஆனா மடிச்சா என் வண்டி மாதிரியே காணாம போயிடணும்.”

அதாவது ஒரே துணி தடியாகவும் இருக்கவேண்டும், மெல்லிசாகவும் இருக்கவேண்டும். என் வீட்டுக்காரர் கதவோரம் நின்று, “அதெல்லாம் தெச்சிடுவாங்க,” என்று எனக்காக ஒப்புக்கொண்டார். அன்று ராத்திரி அவருக்கு ரசம் மட்டும்தான்.

மறுநாளே வெண்ணெய் வண்டியைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். உடுப்பு அளவெடுக்க அங்கே அடிக்கடி போகிறவள்தான், ஆனாலும் டாக்டரம்மாவிடம் காரைக் காட்டச் சொல்லிக் கேட்கக் கூச்சமாக இருந்தது. அவருக்கு நாற்பது வயதிருக்கும். கல்யாணம் செய்துகொள்ளாதவர். பேச்சு கறாராக இருக்கும். நான் தயங்கித் தயங்கிச் சொன்னதும் ஸ்டெதஸ்கோப்பைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு எழுந்தார்.

“வாங்க. உள்ளே உட்கார்ந்து பாருங்க. வெளியே நின்னு பார்த்தா என்ன தெரியும்?”

உட்கார்ந்தேன். கதவைச் சாத்தியதும் தெருச் சத்தம் அடங்கிவிட்டது. தலைக்கு மேல் சாம்பல் துணி இழுத்துத் தைத்து, ஒரு சுருக்கம் இல்லாமல் இருந்தது. தையல்காரியான எனக்கு அதைத் தடவிப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. எவ்வளவு நேர்த்தி! டாப்பை இறக்கிக் காட்ட முடியுமா என்று கேட்டேன். டாக்டரம்மா கொஞ்சம் முகம் சிவந்தார்.

“அதுக்கு ரெண்டு ஆம்பளைங்க வேணும்,” என்றார். “திறந்த கார்னு ஆசைப்பட்டு வாங்கினேன். பஞ்சும் இரும்பும் சேர்ந்து எத்தனை கனம் தெரியுமா? வாங்கி ரெண்டு வருஷம் ஆச்சு. இதுல உட்கார்ந்து வானத்தைப் பார்த்தது மூணு தடவைதான். உங்க சின்னவர் எங்க ஆஸ்பத்திரி வாசல் வழியா முடி பறக்கப் போறப்ப எனக்கு எத்தனை வயிற்றெரிச்சல் தெரியுமா?”

இதைச் சொல்லிவிட்டு அவரே சிரித்தார். அன்று முதல் எனக்கு அவரிடம் பயம் போய்விட்டது. இரண்டு கம்பவுண்டர்களைக் கூப்பிட்டு டாப்பை இறக்கினோம். எந்த மூட்டில் மடிகிறது, துணியை எங்கே ஆணி அடித்திருக்கிறார்கள் என்று நூலால் அளந்து முடிச்சுப் போட்டு எடுத்துக்கொண்டேன்.

அப்படியே பார்த்து உள்துணி வைத்து ஒன்று தைத்தேன். ஏற்றினால் ராஜா மாதிரி இருந்தது. மடித்து மூடியைச் சாத்தினால், மூடி ஒகேனக்கல் முதலை வாயைப் பிளந்தது போல நின்றது. சின்னவர் ஏறி அதன்மேல் உட்கார்ந்தார். என் வீட்டுக்காரரும் உட்கார்ந்தார். மூடி சாத்தவில்லை. சின்னவர் இறங்கி வேட்டியைத் தட்டிக்கொண்டு, “பரவாயில்லீங்க அக்கா, ஆட்டுக்கு பதிலா நாங்க ரெண்டு பேரு ஏறிட்டோம்,” என்றார். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. தைத்ததைப் பிரித்துப்போட்டேன்.

ஒற்றைத் துணிதான் வழி என்று தெரிந்துபோனது. ஆனால் ஒற்றைத் துணியில் தையல் வழியே தண்ணீர் இறங்கும். பழைய டாப்பிலும் அதுதான் குறை. நடு உச்சியில் இரண்டு தையல் ஓடியது. இரண்டு வளையத்துக்கும் நடுவே துணி தொய்ந்து, மழைத் தண்ணீர் அங்கேதான் தேங்கும்.

அந்த வருஷம் ஆடிப் பதினெட்டுக்குப் பஸ் ஒகேனக்கல் வரைக்கும் போனது. நானும் போனேன். குளித்துவிட்டு ஈரப் புடவையோடு வறுத்த மீன் தின்றுகொண்டிருந்தபோது, பரிசல்காரர் ஒருவர் பரிசலைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு கரையேறி வந்தார். கீழிருந்து பார்த்தால் மூங்கில் பிளாச்சும் மேலே தோலும். எனக்கு அது பரிசலாகத் தெரியவில்லை, டாப்பாகத்தான் தெரிந்தது. ஓடிப்போய் நிறுத்தினேன்.

“ஏனுங்க அண்ணா, இதுல தையல் எங்கீங்க போட்டிருக்குது?”

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு பரிசலை இறக்கிவைத்துக் காட்டினார். “அடியில தையல் போட்டா முழுவி போயிடுவோம்மா. பெரிய தோலா பாத்து அடியில வெச்சு, ஒட்டு போடுறதெல்லாம் மேல வெளிம்போரமா. அப்புறம் குங்கிலியத்த எண்ணெயில காச்சி பூசிருவோம்.”

வீட்டுக்காரர் ஹாரன் அடித்துக் கூப்பிடும்வரை அங்கேயே உட்கார்ந்து அந்த ஒட்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

உச்சியில் ஒட்டே இல்லாமல் போட அகலமான கித்தான் வேண்டும். சின்னவர் சேலத்தில் கூடாரம் தைக்கிறவர்களிடம் போய் வாங்கிவந்தார். ஒரே துணியாக முன்னாலிருந்து பின்னால்வரை போர்த்தி, தையலையெல்லாம் பக்கவாட்டில் தண்ணீர் வழிந்தோடுகிற சரிவுக்கு இறக்கிவிட்டேன். தேன்மெழுகு தேய்த்தேன். என் மெஷினில் மூன்று ஊசி உடைந்தது, நான்காவது முடித்துக்கொடுத்தது. மடித்தோம். மூடி சாத்திக்கொண்டது. என் வீட்டுக்காரர் அதைத் திறந்து திறந்து மூடிப் பார்த்தார்.

சேதி ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டது. டாக்டரம்மா சின்னவருக்குச் சீட்டு எழுதினார்: புரட்டாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு வண்டியும் ஒகேனக்கல் போகட்டும், எந்த வண்டி நனையாமல் போய்ச் சேருகிறது பார்ப்போம். கடைசியில் ஒரு வரி: நான் உங்கள் வண்டியை ஓட்டுகிறேன், நீங்கள் என் வண்டியை ஓட்டுங்கள். சின்னவர் மறுக்கமுடியாமல் தலையாட்டினார்.

சிவப்பு வண்டியில் டாக்டரம்மாவும் நானும். பின்னால் வெண்ணெய் வண்டியில் சின்னவரும் என் வீட்டுக்காரரும். காலையில் நல்ல வெயில். டாப்பை மடித்துவிட்டுப் புறப்பட்டோம். வாழ்க்கையில் முதல்முறையாக அப்படி ஒரு வண்டியில் போகிறேன். ரோட்டோரப் புளியமரங்கள் தலைக்கு மேலேயே ஓடின. கேழ்வரகு வயலில் களையெடுத்துக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து கைகாட்டினார்கள். டாக்டரம்மாவுக்கு ஆஸ்பத்திரியில் பேசுகிற குரலே இல்லை. பாட்டு முணுமுணுத்துக்கொண்டு வந்தார்.

பென்னாகரம் தாண்டி இறக்கம் ஆரம்பிக்கிற இடத்தில் மழை பிடித்தது.

“டாப்ப ஏத்தலாமுங்களா?” என்றேன்.

“கொஞ்ச தூரம் போகட்டும்.”

கொஞ்ச தூரம் போனது. தூறல் மழையாகிவிட்டது. என் கொண்டையிலிருந்து தண்ணீர் முதுகில் இறங்கியது. “இப்பங்க?” என்றேன்.

“அந்த வளைவு வரைக்கும்,” என்று சிரித்தார் டாக்டரம்மா. அவர் மூக்குக்கண்ணாடியில் மழைத் துளி கோர்த்திருந்தது. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அந்த வளைவுக்கு அப்புறம் இன்னும் இரண்டு வளைவு போனபிறகுதான் நிறுத்தினார். இருவரும் ஆளுக்கொரு பக்கம் நின்று இழுத்தோம். வெற்றிலை மடிக்கிற நேரத்தில் டாப்பு ஏறிவிட்டது. உள்ளே உட்கார்ந்து அண்ணாந்து பார்த்தேன். மேலே மழை கொட்டுகிறது. துணியில் ஒரு சொட்டு இல்லை. ஆனால் பக்கவாட்டில் சாரல் அடித்தது. கண்ணாடித்தாள் ஜன்னல்களைத் தேடினால் காணோம். சோற்றுக் கேரியர் வைக்க இடம் வேண்டும் என்று என் வீட்டுக்காரர் அவற்றை எடுத்து வீட்டிலேயே வைத்துவிட்டிருந்தார்.

ஒகேனக்கலில் தெப்பமாக நனைந்து இறங்கினோம். பின்னாலேயே வெண்ணெய் வண்டி வந்து நின்றது. தோற்றுவிட்டோம் என்று நினைத்தேன். கதவு திறந்தது. உள்ளேயிருந்து வந்த ஆண்கள் இரண்டு பேரும் எங்களைவிட ஈரமாக இருந்தார்கள். கண்ணாடியை முழுக்க ஏற்றி, அந்தப் பஞ்சு டாப்புக்குள் மலை இறங்கி வந்ததில் வேர்த்து ஊற்றியிருந்தது.

“உள்ள நெல்லு அவிக்கலாமுங்க,” என்றார் என் வீட்டுக்காரர்.

“ஒரு சொட்டு மழை படலீங்க,” என்றார் சின்னவர் சட்டையைப் பிழிந்துகொண்டே.

யார் ஜெயித்தது என்று கடைசிவரை தீர்ப்பாகவில்லை. மீன் வறுக்கிறவளிடம் கேட்டோம். நாலு பேரையும் பார்த்துவிட்டு, “நீங்க பஸ்ஸுல வந்திருக்கலாம்,” என்றாள்.

அடுத்த வாரமே டாக்டரம்மா ஆளனுப்பினார். வெண்ணெய் வண்டி டாப்பிலிருந்து பஞ்சு அடுக்கைப் பிரித்தெடுத்தேன். உள்ளே நடு வளையத்தில் உட்கார்ந்தபடியே பிடித்து இழுக்க ஒரு பட்டை வைத்துத் தைத்தேன். ஏற்றி நிறுத்தினால் முன்பிருந்த மொழுமொழுப்பு இல்லை. வளையம் இருக்கும் இடம் வெளியே லேசாகத் தெரிந்தது. எனக்கு மனசு கஷ்டமாக இருந்தது. டாக்டரம்மா அதைப் பார்க்கவே இல்லை. ஒற்றை ஆளாக டாப்பை இறக்கி, ஏற்றி, மறுபடி இறக்கிவிட்டு அப்படியே வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். கிராமத்துக்குப் பிரசவம் பார்க்கப் போகும்போதெல்லாம் டாப்பு கீழேதான். மழையில் நனைந்து தும்மிக்கொண்டே ஊசி போடுகிறார் என்று நர்ஸுகள் என்னைத் திட்டினார்கள்.

யுத்தம் வந்து பெட்ரோலுக்குக் கூப்பன் போட்டார்கள். பஸ்ஸுக்குப் பின்னால் கரி அடுப்பு மாட்டி, அதில் வருகிற வாயுவில் ஓட்டினார்கள். டாக்டரம்மாவுக்கு மட்டும் ஆஸ்பத்திரி வேலைக்குக் கொஞ்சம் பெட்ரோல் கிடைத்தது. சின்னவர் வண்டியை ஷெட்டில், சக்கரம் தரையில் படாமல் கட்டையேற்றி நிறுத்துவது என்று முடிவு செய்தார். அதற்கு முதல்நாள் வண்டியோடு எங்கள் வாசலில் வந்து நின்றார்.

“டிரைவர் அண்ணா, டாங்கில காரிமங்கலம் போயிட்டு வர அளவுக்கு எண்ணெ இருக்குதுங்க. நீங்க ஓட்டுங்க.”

என் வீட்டுக்காரர் டூட்டி முடிந்து வந்த காக்கி உடுப்போடு, தலையில் கம்பெனித் தொப்பியோடு அப்படியே ஏறி உட்கார்ந்தார். டாப்பை நான்தான் மடித்துவிட்டேன். சின்னவர் எங்கள் வீட்டில் காப்பி குடித்துக்கொண்டு காத்திருந்தார். முக்கால் மணி நேரம் கழித்து வண்டி வந்தது. அவர் முடியெல்லாம் நட்டுக்கொண்டு நின்றது. முகம் முழுக்கப் புழுதி, அதில் பல் மட்டும் தெரிந்தது.

“எப்பிடீங்க இருந்துச்சு?” என்றேன்.

“பஸ்ஸுல நான் ரோட்ட பாத்து ஓட்டுவேன் புள்ள. இதுல ரோடு எந்திரிச்சு என் மூஞ்சிய பாத்துச்சு.”

“தொப்பி எங்கீங்க?”

அவர் தலையைத் தடவிப் பார்த்தார். அப்போதுதான் அவருக்கே தெரிந்தது.

மறுநாள் காலை வெறுந்தலையோடு டூட்டிக்குப் போய் நின்றிருக்கிறார். கம்பெனித் தொப்பி என்ன ஆயிற்று என்று மேனேஜர் அதட்டியிருக்கிறார். “நான் போன கார்ல டாப்பு இல்லீங்க,” என்று சொல்லிவிட்டு, இவர் பாட்டுக்குப் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துகொண்டாராம்.