பதினொரு மணி மாத்திரை

திருப்பூரை ஒட்டிய பெருமாநல்லூர்ப் பக்கம் என் பனியன் கம்பெனியிலிருந்து ஒரு கெட்ட பீஸ் வெளியே போனது என்று இன்றுவரை யாரும் சொன்னதில்லை. ஐந்தாம் வகுப்போடு குண்டடத்திலிருந்து பஸ் ஏறி வந்தவள் நான். டெய்லர் தைத்துத் தள்ளும் துணியை எடுத்து அடுக்கிக் கொடுக்கும் கைமடி வேலையில் ஆரம்பித்தேன். இன்று நாற்பது மிஷின் ஓடுகிறது. ஓவர்லாக் சத்தத்தைக் காதால் கேட்டே ஊசி மழுங்கிவிட்டதா என்று சொல்வேன். ஆர்டரைக் கவனிக்கிற படித்த மெர்ச்சண்டைசர்கள் லேப்டாப்பைத் திறப்பதற்குள் ஒரு பனியனுக்கு எத்தனை துணி போகும் என்று வாயால் கணக்குப் போட்டுவிடுவேன். அப்படிப்பட்டவள் கம்பெனியில், பேக்கிங்குக்குப் போகிற பெட்டியைச் சும்மா திறந்து பார்த்தால், மேலே கிடந்த மூன்று பனியனிலும் ஓட்டை.

செக்கிங் மேஜைக்குப் போனேன். அந்தப் பெட்டியைப் பார்த்து அனுப்பியது கடைசியில் நின்றிருந்த பிள்ளை. தேனிப் பக்கம் ஊர். கல்யாணமாகி, சாயப்பட்டறையில் வேலை பார்க்கிற புருஷனோடு லைன் வீட்டில் குடியிருந்தாள். வந்து ஐந்து மாதம்தான் இருக்கும்.

"நினைப்பை எங்க கண்ணு வெச்சுட்டு நிக்கற? இத்தனை பெரிய ஓட்டை தெரியலையா?"

"தெரியலம்மா. லைட்டு கூசுது. எல்லாம் மங்கலா ஆடுது."

அடுத்து நின்ற பெண் சும்மா இருக்கவில்லை. "அவ சோத்தையே தொடறதில்லீங்கம்மா. பன்னை டீயில நனைச்சுத் திங்கறா. அதையும் பின்னாடி போயி கக்கிட்டு வர்றா."

நான் அந்தப் பிள்ளையின் தாடையைப் பிடித்து லைட்டுக்கு நேராகத் திருப்பி, கீழ் இமையை விரலால் இழுத்துப் பார்த்தேன். ப்ளீச்சிங் போட்டு வந்த துணி போல வெளுத்துக் கிடந்தது. துணியையே நாற்பது வருஷமாகப் பார்த்த கண்ணுக்கு வெளுப்பில் எது அழகு, எது நோவு என்று தெரியாதா?

"எத்தனை மாசம்?" என்று கேட்டேன்.

அவள் மேஜையைப் பார்த்துக்கொண்டு, "மூணு முடியப் போகுதும்மா" என்றாள்.

"ஏன் சொல்லல?"

"சொன்னா நிப்பாட்டிருவீங்கன்னு…"

இந்த நினைப்பு எங்கள் ஊர்க் கம்பெனிகளில் எல்லாப் பெண்களுக்கும் உண்டு. நானும் பதினெட்டு வயதில் முதல் பிள்ளையை வயிற்றில் வைத்துக்கொண்டு மேலே துண்டைச் சுற்றி மறைத்து வேலை செய்தவள்தான். வலி வந்த அன்றும் பவர் டேபிளில் மிஷின் முன்னால் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தேன். இதை நான் இவளுக்கும் இவளுக்கு முன்னால் வந்த எத்தனையோ பேருக்கும் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன்.

மறுநாள் காலையில் ஸ்கூட்டரில் உட்கார வைத்து அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு நானே கூட்டிக்கொண்டு போனேன். சின்ன வயது நர்ஸ். ஆதார் அட்டையைப் பார்த்தார், எடை பார்த்தார், விரல் நுனியில் குத்தி ரத்தம் பார்த்தார். பார்த்துவிட்டு என்னிடம்தான் பேசினார்.

"பதினெட்டு முடிஞ்சு நாலு மாசந்தானுங்க ஆகுது. இவ ஒடம்பே இன்னும் வளர்ந்துட்டு இருக்குதுங்க. அதுக்குள்ள இன்னொரு ஒடம்பு வளரோணும். ரெண்டுக்கும் ரத்தம் பத்தோணுமில்லீங்க? ரத்த அளவு பதினொண்ணாச்சும் இருக்கோணும். இவளுக்கு எட்டு புள்ளி ரெண்டு இருக்குது. இப்படியே பிரசவத்துக்குப் போனா, நாலு சொட்டு கூடப் போனாலும் தாங்க மாட்டாளுங்க. கொழந்தையும் எடையில்லாமப் பொறக்கும்."

"அதை எங்கிட்ட உடுங்க சாமி. ரத்தந்தானே? ஏத்திப் போடலாம்" என்றேன்.

அந்நேரம் பார்த்து போன் அடித்தது. நூல் ஏற்றி வந்த வண்டி கேட்டுக்குள் நுழைய முடியாமல் நிற்கிறது. வெளியே வந்து டிரைவருக்கு வழி சொல்லி, வாட்ச்மேனைத் திட்டி முடித்துவிட்டுத் திரும்புவதற்குள் நர்ஸ் சொல்ல வேண்டியதையெல்லாம் சொல்லி முடித்திருந்தார். அவள் கையில் ஒரு அட்டையும் சிவப்பு மாத்திரைப் பட்டைகளும் இருந்தன.

கம்பெனிக்குத் திரும்பிய அன்றே நான் செய்த ஏற்பாடுகளைக் கேட்டால் ஆஸ்பத்திரிக்காரர்களே பாடம் படிப்பார்கள். செக்கிங் என்றால் நின்றுகொண்டுதான் பார்ப்பார்கள். அவளுக்கு முதுகு சாயும் நாற்காலி போட்டேன். அயர்ன் டேபிளின் ஆவி அவள் பக்கம் வரக்கூடாது என்று மேஜையையே ஜன்னலோரம் தள்ள வைத்தேன். இந்தப் பெண்கள் பாத்ரூம் போனால் பீஸ் குறையும் என்று தண்ணீரே குடிப்பதில்லை. அதனால் ஒரு பெரிய பாட்டிலை அவள் முன்னால் வைத்து, மத்தியானத்துக்குள் காலியாக வேண்டும் என்று சொல்லிவிட்டேன். மாத்திரையை வீட்டில் மறந்துவிடுவாள் என்று பட்டைகளை வாங்கி என் டிராயரில் வைத்துக்கொண்டேன்.

பதினொரு மணிக்கு பெல் அடிக்கும், டீ வரும். என் கம்பெனி டீயைப் பற்றிச் சொல்ல வேண்டும். பாலில் தண்ணீர் காட்ட விடமாட்டேன். டம்ளரைச் சாய்த்தால் டீ ஆடையோடு இறங்கும். பக்கத்துக் கம்பெனி ஆட்கள் வேலை கேட்டு வருவதே அந்த டீக்காகத்தான். பெல் அடித்ததும் ஒரு கையில் மாத்திரையும் ஒரு கையில் சூடான டீயுமாக நானே செக்கிங் மேஜைக்குப் போவேன். அவள் வாயில் போட்டு, டீயைக் குடித்து விழுங்கும்வரை அங்கேயே நிற்பேன்.

மொத்தக் கம்பெனியும் வேடிக்கை பார்க்கும். ஒரு டெய்லர், வாய்க்கொழுப்பு பிடித்தவன், "ஓனரம்மா, எங்களுக்கெல்லாம் மாத்திரை இல்லீங்களா?" என்பான்.

"உனக்கு மாத்திரை எதுக்கு? வாய்க்கு ரெண்டு தையல் போட்டா சரியாப் போகும்" என்பேன். நாற்பது பேரும் சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள்.

ஒரு நாள்கூடத் தவறவில்லை. கோவைக்குப் போக வேண்டிய வேலையைக்கூடப் பதினொன்றரைக்கு மேல் வைத்துக்கொண்டேன். ஒரு மாதம் முடிந்து மறுபடி சுகாதார நிலையத்துக்குப் போனபோது, பத்தாவது வந்திருக்கும் என்று நர்ஸிடம் முதலிலேயே சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்தேன்.

ஏழு புள்ளி ஒன்பது வந்தது.

"உங்க மிஷின் சரியில்லீங்க. இன்னொருக்காப் பாருங்க" என்றேன்.

இன்னொரு முறை பார்த்தார். அதே ஏழு புள்ளி ஒன்பது. "மாத்திரை போடறாளுங்களா?"

"போடறாளாவா? எங்கண்ணு முன்னாடி, எங்கையால குடுத்து, டீயோட ஒரு நாள் உடாம முழுங்கறா."

நர்ஸ் பேனாவைக் கீழே வைத்தார். "ஏனுங்கம்மா… டீயோடவா குடுத்தீங்க?"

"நல்ல பால் டீங்க."

"அந்த மாத்திரையில இருக்கறது இரும்புச் சத்துங்க. டீ பட்டுச்சுன்னா ஒடம்புல ஒட்டவே ஒட்டாது. பாலும் அப்படித்தானுங்க. முக்காவாசி சும்மா வெளியில போயிருக்கும்." அவளைப் பார்த்தார். "மொத நாளே உனக்குச் சொன்னனே கண்ணு? டீ, காபி கூட வேண்டாம்னு?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "சொன்னீங்கக்கா."

நான் அவள் பக்கம் திரும்பினேன். "தெரிஞ்சுமா குடிச்ச? ஒரு மாசமா?"

"நீங்க டம்ளரை நீட்டிக்கிட்டு நிக்கும்போது எப்பிடிம்மா வேணாங்கிறது? எல்லாரும் பாத்துக்கிட்டு இருந்தாங்க. ஓனரம்மா குடுக்கிறத வேணாம்னு சொன்னா, திமிருன்னு நெனைப்பாங்கல்ல?"

எங்கள் ஊரில் ஒருவர் வீட்டில் ஒரு வாய் காபி வேண்டாம் என்று சொல்வதற்கே நாலு தடவை கும்பிட்டு, வயிற்றைத் தொட்டுக் காட்டி, அடுத்த முறை கட்டாயம் குடிக்கிறேன் என்று சத்தியம் செய்ய வேண்டும். அதிலும் கொடுப்பது நான் என்றால்? வாங்கிக்கொள்ளத்தானே எல்லோரும் பழகியிருக்கிறார்கள்.

"இப்ப அஞ்சாம் மாசம்" என்றார் நர்ஸ். "இன்னொரு மாசம் பார்ப்பமுங்க. அப்பவும் ஏறலைன்னா இரும்புச் சத்தை ஊசியில ஏத்தோணும். ஏழுக்குக் கீழ போச்சுன்னா பெரிய ஆஸ்பத்திரியில சேர்த்து ரத்தமே ஏத்தோணும். இவளுக்குத் தாங்கற ஒடம்பில்லீங்க."

திரும்பும்போது ஸ்கூட்டரில் பின்னால் அவள் உட்கார்ந்திருப்பதே தெரியவில்லை, அவ்வளவு லேசாக இருந்தாள். அப்போதுதான் என் மூத்தவன் ஞாபகம் வந்தது. உள்ளங்கை நீளத்துக்குப் பிறந்தான். கட்டிங் வேஸ்ட் துணியில் பொதிந்து, இரண்டு மாதம் மார்போடு கட்டிக்கொண்டு காப்பாற்றினேன். அவன் பிழைத்தது என் கெட்டிக்காரத்தனம் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தேன். அவன் அவ்வளவு சின்னதாக ஏன் பிறந்தான் என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை. கர்ப்பம் முழுக்க நான் சாப்பிட்டது இரண்டு வேளை டீயும் வர்க்கியும்தான்.

தப்புச் செய்தால் அதையும் நான் ஒளித்து வைப்பதில்லை. மறுநாள் பெல் அடித்ததும் எல்லா மிஷினையும் நிறுத்தச் சொன்னேன்.

"கேட்டுக்குங்க. இந்தப் பிள்ளைக்கு ஒரு மாசமா டீயோட மாத்திரையக் குடுத்துக் கெடுத்தது நாந்தான். இனிமே இவளுக்கு யாரும் டீ குடுக்கக் கூடாது."

அந்த டெய்லர் எழுந்தான். "நீங்களே குடுத்தீங்கன்னா என்னுங்கம்மா பண்றது?"

"நான் குடுத்தாலும் வாங்கக் கூடாது. கண்ணு, இப்பச் சொல்லு. 'வேண்டாங்க'ன்னு சொல்லு."

அவள் உதடு மட்டும் அசைந்தது. "சத்தமா!" என்றேன். கடைசியில், "வேணாம்மா" என்று வந்தது, கொசு கத்தினது மாதிரி. மிஷின் எல்லாம் நின்றிருந்ததால்தான் கேட்டது.

மாத்திரைப் பட்டைகளை அவள் கையிலேயே திருப்பிக் கொடுத்தேன். மத்தியானச் சாப்பாடு முடிந்து இரண்டு மணி நேரம் கழித்து, எலுமிச்சம்பழத் தண்ணீரில் விழுங்கிக்கொள்வாள். எலுமிச்சையும் நெல்லிக்காயும் இரும்பை உடம்பில் ஒட்ட வைக்கும் என்று நர்ஸ் சொன்னதால், கூடை நிறைய நெல்லிக்காய் வாங்கி செக்கிங் மேஜையில் வைத்தேன்; பாதியை மற்றவர்கள் தின்றார்கள், தின்னட்டும். காலையில் வெறும் வயிற்றோடு வந்தால் கேட்டிலேயே திருப்பி அனுப்புவேன் என்று அவள் புருஷனிடம் சொன்னேன். அவன் பயந்துபோய் விடிந்ததும் முட்டை வேகவைக்கக் கற்றுக்கொண்டான். முருங்கைக்கீரையும் பச்சைப்பயிறும் என் வீட்டு டிபன் கேரியரில் வந்தன. மலம் கறுப்பாகப் போகிறது என்று ஒரு நாள் அழுதுகொண்டு வந்தாள். நர்ஸுக்குப் போன் போட்டோம். மாத்திரை அப்படித்தான் செய்யும், பயப்படாதே, நிறுத்தாதே என்றார். இந்த முறை ஸ்பீக்கரில் போட்டு நானும் கேட்டேன்.

அடுத்த மாதம் ஒன்பது புள்ளி மூன்று. அந்த எண்ணைப் பார்த்ததும் நர்ஸின் கையைப் பிடித்து நான் ஆட்டிய ஆட்டலில் அவர் வளையல் கழன்று விழுந்தது.

பிறகு அவள் முகத்திலேயே தெரிந்தது. ஓட்டையென்ன, ஒரு இழை விட்டிருந்தாலும் பிடித்துவிடுவாள். ஒரு நாள் பனியனை விரித்த கை அப்படியே நின்றது. "உள்ள ஒதைக்கிதும்மா" என்றாள். மேஜையில் இருந்த பெண்கள் எல்லோரும் பீஸைப் போட்டுவிட்டு அவள் வயிற்றில் கை வைக்க ஓடினார்கள். அன்று அரை மணி நேரம் ஒரு பீஸும் நகரவில்லை. நானும் வரிசையில்தான் நின்றேன்.

எட்டாம் மாதத்தில் பத்து புள்ளி எட்டு. வேலையை நிறுத்திக்கொள்ளச் சொன்னேன். அவளுக்கு வீட்டில் சும்மா இருக்க முடியவில்லை. அதனால் குழந்தைத் துணிகளை வெட்டிக் கொடுத்தேன். சாயம் ஏறாத வெள்ளைப் பருத்தி, இரண்டு முறை வெந்நீரில் அலசியது. பிறந்த குழந்தைக்குத் தையல் உடம்பில் உரசக்கூடாது என்று, எல்லாச் சட்டையிலும் தையலை வெளிப்பக்கம் வைத்தோம். பட்டன் கிடையாது, லேபிள் கிடையாது, முடிச்சுப் போடுகிற நாடாதான். வெளிநாட்டு பையர்கள் ஆர்டர் கொடுத்து வாங்குகிற ரகத்தைவிட நான் வெட்டியது நன்றாக இருந்தது. மிஷின் தையல் போட்டது அந்த டெய்லர், வாயைத் திறக்காமல்; நாடாவைக் கைத்தையலில் வைத்தது அவள்.

ஒரு நாள் காலை ஒன்பது மணிக்கு அவள் புருஷன் போன் செய்தான். திருப்பூர் அரசு ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை. இரண்டு கிலோ எழுநூறு. தாய் நன்றாக இருக்கிறாள், ரத்தம் ஏற்றவில்லை.

எங்கள் பக்கம் பிறந்த குழந்தையின் நாக்கில் முதன்முதலாகச் சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைப்பதைச் சேனை வைப்பது என்பார்கள். வைக்கிறவர்களுடைய குணம் பிள்ளைக்கு வரும். எனக்கு அழைப்பு வராத குடும்பம் இந்தப் பக்கத்தில் குறைவு. என்னைப் போல் ஒருத்தி ஆக வேண்டும் என்று யாருக்குத்தான் ஆசை இருக்காது? வெள்ளி டம்ளரில் சர்க்கரையைக் கரைத்துக்கொண்டு வார்டுக்குள் போனேன். பத்துக் கட்டில் போட்ட வார்டு. அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

அவள் புருஷன் எழுந்து வழிவிட்டான். "வாங்கம்மா. நீங்கதாம்மா வைக்கணும்."

நான் விரலைத் தண்ணீரில் தொட்டுக்கொண்டு குனிந்தேன். அவள் குழந்தையை மார்போடு இழுத்துக்கொண்டாள்.

"வேணாம்மா" என்றாள். கடைசிக் கட்டில் வரைக்கும் கேட்டது. "ஆறு மாசத்துக்குத் தாய்ப்பாலத் தவிர ஒண்ணும் வைக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க. தண்ணிகூடக் கெடயாது."

அவன், "ஏய், அம்மாகிட்டப் போயி…" என்று பல்லைக் கடித்தான்.

"நீ சும்மா இரு. அவ சொல்றதுதான் சரி" என்றேன்.

நனைந்த விரலோடும் டம்ளரோடும் நான் நிற்க, பத்துக் கட்டிலும் பார்த்துக்கொண்டிருந்தது. கீழே ஊற்ற இடமில்லை. நானே குடித்துவிட்டேன்.

பக்கத்துக் கட்டில் பெண் கேட்டாள், "ஏனுங்க, இனிப்பு சரியா இருக்குதுங்களா?"

"இருக்காதா பின்ன? நான் கரைச்சதாச்சே" என்று சொல்லிவிட்டு, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன்.