வடதுருவம் தாண்டி ஒரு வணக்கம்

"டா டிட் டா டிட், டா டா டிட் டா" என்று முணுமுணுத்துக்கொண்டேதான் விஜயலெட்சுமி ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைப்பார். அப்புத்தளைக் கடைவீதியிலுள்ள அவருடைய தையல் கடைக்குப் புதிதாக வருகிறவர்கள் ஏதோ பாட்டு என்று நினைத்துக்கொள்வார்கள். அது மோர்ஸ் தந்தி மொழி. யாராவது இருக்கீங்களா என்று அர்த்தம்.

தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் பிறந்தவர். முறைப்படி உரிமம் எடுத்து, பொழுதுபோக்காக உலகத்தாரோடு வானொலியில் பேசும் அமெச்சூர் வானொலிக்காரர். தையல் மெஷினுக்குப் பக்கத்தில் வானொலிப் பெட்டி, கூரைமேல் ஏரியல் கம்பி. கணவர் வீரசிங்கம் ஒருமுறை அந்தக் கம்பியில் ஈரச் சட்டையைக் காயப்போட்டுவிட்டார். "ஒங்க சட்டையால எனக்கு பிரேசில் போச்சுங்க" என்று இரண்டு நாள் முகம் கொடுக்கவில்லை.

வடதுருவத்துக்கு மேலாகக் கனடாவின் வடகோடியைப் பிடிக்க வேண்டும் என்பது அவர் ஆசை. அங்கே நீல் என்ற முதிய வானொலிக்காரர். மின்னஞ்சலில் நல்ல பழக்கம்; வானொலியில் ஒருமுறைகூடச் சந்தித்ததில்லை. ஒருநாள் அவரிடமிருந்து செய்தி வந்தது: மறுநாள் அவர் தன் வீட்டையும் ஏரியல் கம்பத்தையும் விட்டு, மகளோடு நகரத்து அடுக்குமாடிக்குப் போகிறார். மிஞ்சியது ஒரே ஒரு மாலை.

அன்று பார்த்துத்தான் சூரியன் கிளப்பிய காந்தப் புயல் பூமியில் மோதியது. கல்யாண ஜாக்கெட் வாங்க வந்திருந்த ரிஸ்காவுக்கு அவர் துணியை விரித்துப் பிடித்து விளக்கினார். வெகு உயரத்தில் மின்னேறிய காற்று விரிந்து கிடக்கிறது; வானொலி அலைகள் அதில் பட்டுத்தான் பூமிக்குத் திரும்பும். புயலடித்தால் சூரியத் துகள்கள் பூமியின் காந்தக் கோடுகளைப் பிடித்துக்கொண்டு துருவத்தில் இறங்கி, அந்த விரிப்பைக் கலக்கிவிடும். அது சில அலைகளை விழுங்கும், சிலவற்றை உதறும். சொல்லிக்கொண்டே துணியை உதறிக் காட்டினார். "இன்னைக்கு வானம் பேயாட்டம் ஆடுது தங்கச்சி. அதுக்குள்ள பூந்து போகணும்."

குரல் எடுபடவில்லை; வெறும் இரைச்சல். இன்றைக்கு விட்டுவிடு என்றார் வீரசிங்கம். விஜயலெட்சுமி மைக்கை வைத்துவிட்டு, தந்தி தட்டும் மோர்ஸ் சாவிக்கு மாறினார். குரல் நொறுங்குகிற இடத்திலும் தந்தி ஒலி தப்பிப் பிழைக்கும் என்றார். அழைத்தார், கேட்டார், மறுபடி அழைத்தார். ஆறிப்போன தேநீரை ரிஸ்கா அவர் கையில் பட்டுவிடாதபடி நகர்த்தி வைத்தாள்.

பிறகு, காய்ந்த சட்டியில் தண்ணீர் தெளித்தாற்போல் சீறிக்கொண்டும் நடுங்கிக்கொண்டும் நீலின் அடையாளமான அழைப்புக்குறி வந்தது. மறைந்தது, திரும்பவும் வந்தது. அங்கே இன்னும் விடியவில்லை, தன் வீட்டுக்கு மேலே வானம் துருவ ஒளியில் பச்சையாக எரிகிறது என்று அவர் தட்டினார். இங்கே ஒரே பனிமூட்டம் என்று இவர் தட்டினார். அவ்வளவுதான். மீண்டும் இரைச்சல் மூடிக்கொண்டது.

"வந்துட்டாருங்க" என்றார் கணவரிடம், மூச்சு வாங்க. "துருவத்தத் தாண்டி வந்துட்டாரு."

சிரிப்பை அடக்க முடியாமல் ரிஸ்காவின் கன்னத்தைக் கிள்ளினார். அப்புறம் வடக்குப் பக்க ஜன்னலைத் திறந்து, ஒன்றுமே தெரியாத அந்த மூடுபனியைப் பார்த்து, ரயிலேறிப் போகிறவருக்குக் காட்டுவதுபோல் இரண்டு கைகளையும் உயர்த்தி ஆட்டினார்.