கம்பெனி செட்டோடு வந்த கார்

சாய்ந்தமருதில் போய்க் காலிதீன் வீடு எது என்று கேட்டால் எந்தக் காலிதீன் என்று திருப்பிக் கேட்பார்கள். பாட்டுக்கார்க் காலிதீன் என்றால் உடனே கைகாட்டிவிடுவார்கள். அந்த மனிசர் தன் வாழ்நாளில் ஒரு வரி பாடியவரல்ல. பாடியது அவருடைய கார். அதுவும் பெரிதாகப் பாடிவிடவில்லை.

கார் வந்தது தொண்ணூற்றைந்தாம் ஆண்டில். ஜப்பானில் யாரோ ஓட்டிக் கழித்து, கப்பலேறிக் கொழும்பில் இறங்கிய வெள்ளைக் கார். விற்கிறவரின் முற்றத்தில் ஒரே நிறத்தில், ஒரே வயதில் இரண்டு கார் நின்றன. ஒன்றில் சும்மா ஒரு ரேடியோ. மற்றதில், கார் செய்யும்போதே கம்பெனிக்காரன் பொருத்திவிட்ட, உலகமெல்லாம் பேர்பெற்ற ஒரு செட். கதவுக் கதவாக ஸ்பீக்கர், பின் கண்ணாடிக்குக் கீழேயும் ஸ்பீக்கர், ஒவ்வொன்றின் மூடியிலும் அந்தப் பேர் பொறித்த நகத்தளவுத் தகடு. அந்தத் தகட்டுக்குத் தனி விலை. அந்த விலைக்கு இளைய மகள் ஸுல்பிகாவுக்குக் கட்டிக்கொண்டிருந்த வீட்டுக்குக் கூரையே போட்டிருக்கலாம். இதை அவருடைய மனைவி ஹாஜறா ஒரேயொரு தடவைதான் சொன்னாள். பிறகு அந்தக் கதையை எடுக்கவில்லை.

இலங்கையின் அந்தக் கிழக்குக் கரையில் மகளுக்கு ஒரு வீடு இல்லாமல் மாப்பிள்ளை வாசலுக்கு வரமாட்டான். மூத்தவளுக்கு, காலிதீன் சவூதியில் உழைத்துக் கட்டிய கல்வீட்டையே எழுதிக் கொடுத்தாயிற்று. அவளும் அவள் புருசன் மிஹ்லாரும் அதில் இருந்தார்கள். காலிதீனும் ஹாஜறாவும் ஸுல்பிகாவும் அதே வளவின் பின்பக்கத்தில், தகரம் போட்ட இரண்டு அறைகளில். மருமகன் முன்வீட்டில் இருக்கும் நேரம் மாமனார் தொண்டையைச் செருமிக்கொண்டுதான் அந்த வாசலைத் தாண்டவேண்டும். ஒவ்வொரு கல்லுக்கும் இவர்தான் காசு அனுப்பினார், ஆனால் எந்த அறையில் எந்தப் பக்கம் ஜன்னல் என்று கேட்டால் யோசித்துத்தான் சொல்லுவார்.

ஏனென்றால் அவர் ஊரில் இல்லை. இருபத்தெட்டு வயதில் ஜித்தாவுக்குப் போய், ஒரு பணக்கார வீட்டில் கார் ஓட்டினார். பதினைந்து வருசம். நடுவில் நாலைந்து தடவை லீவில் வந்து, பிள்ளைகள் முகம் பழகுவதற்குள் திரும்பிப் போனார். தொண்ணூறாம் ஆண்டுச் சண்டையில் ஊர் பட்ட பாட்டை எல்லாம் ஹாஜறா தனியாகத்தான் பட்டாள். பிள்ளைகளை இழுத்துக்கொண்டு சொந்தக்காரர் வீட்டுக்கு ஓடியதும், திரும்பி வந்தபோது வீட்டில் கோப்பை பீங்கான் முதற்கொண்டு கசட் போடுகிற ரேடியோ வரை போயிருந்ததும் அவருக்குச் செய்தியாகத்தான் கிடைத்தது.

ஜித்தாவில் அவருக்கு வாய்த்த வேலை ஓட்டுவதைவிடக் காத்திருப்பதுதான். முதலாளியின் வீட்டுப் பெண்கள் கடைக்குள் போனால் வர எவ்வளவு நேரமும் ஆகலாம். சாரதி காரைவிட்டு இறங்கக்கூடாது, அவர்கள் வந்தபின் வாய் திறக்கக்கூடாது. அந்தப் பெரிய அமெரிக்கக் காரில் இப்படித்தான் ஒரு பேர்பெற்ற செட் இருந்தது. கண்ணாடிகளை ஏற்றிவிட்டு மெல்லமாகப் போட்டால் வெளியே வெயிலும் இல்லை, ஊரும் இல்லை. பாடுகிறவர் மூச்சு வாங்குவதுகூடக் கேட்கும். அரபிப் பாட்டு அவருக்கு அரைகுறையாகத்தான் விளங்கும். ஆனாலும் யாரோ ஒருவர் பக்கத்தில் இருந்தாற்போல் இருக்கும். பதினைந்து வருசத்தில் அவரோடு பக்கத்தில் இருந்தது அது ஒன்றுதான். அப்போதே ஒரு ஆசை விழுந்துவிட்டது. ஊருக்குப் போய் இப்படி ஒரு கார் வாங்கி, ஹாஜறாவை முன் சீட்டில் இருத்தி, இதைக் கேட்கவைக்கவேண்டும்.

ஆகவே கொழும்பு முற்றத்தில் அவர் யோசிக்கவே இல்லை. கையில் இருந்ததை எல்லாம் கொட்டி, தகடு வைத்த காரை வாங்கி, ஹயருக்கு ஓட்டப் போகிறேன் என்று ஊருக்குக் கொண்டுவந்தார். ஊர் பார்க்க வந்தது. ரேடியோவைப் போடுங்க காக்கா என்றார்கள் இளையவர்கள். போட்டார். இரைச்சல் வந்தது. முள்ளை இந்தத் தொங்கலிலிருந்து அந்தத் தொங்கல் வரைக்கும் ஓட்டினார், கடல் இரைகிற மாதிரி அதே இரைச்சல்தான்.

கல்முனைச் சந்தைக்குப் பக்கத்தில் ரேடியோ திருத்துகிற ஜெமீலிடம் கொண்டுபோனார். ஜெமீல் குனிந்து பார்த்துவிட்டுச் சிரித்தான்.

"காக்கா, இது ஜப்பான்காரன் தனக்கெண்டு செஞ்ச ரேடியோ. அவன்ட எஃப்எம் தொண்ணூறாம் நம்பரோட முடிஞ்சிரும். எங்கட ரேடியோ ஆக்கள் அதுக்கு மேல நிண்டுதான் கதைக்காங்க."

"அப்ப இதக் கழட்டிட்டு வேற ரேடியோ போடேலாதா?"

"ஏலா காக்கா. செட்டும் ஸ்பீக்கரும் ஒண்டுக்கொண்டு கலியாணம் முடிச்ச மாதிரி. ஒண்டக் கழட்டினா மத்தது ஊமையாப் போயிரும். கசட்டப் போட்டுக் கேளுங்க, அது சோக்கா இரிக்கும்."

கசட் சோக்காகத்தான் இருந்தது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை, ஜித்தாக் காருக்கு ஒரு மயிரிழையும் குறைவில்லை. கேட்கத்தான் ஆளில்லை. கல்முனையில் வாடகைக்குக் கார் பிடிக்கிறவன் பாட்டுக் கேட்கவா பிடிக்கிறான்? வயிற்றுவலிக்காரனை அம்பாறை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். பொத்துவிலில் ஒரு சாவு, மையித்து வீட்டுக்குப் போகவேண்டும். பின் சீட்டில் பெண்கள் அழுதுகொண்டு வரும்போது செட்டில் கைவைக்க முடியுமா? கலியாண வீட்டுக்காரர் ஏறினால் அவர்கள் கதைக்கிற சத்தத்தில் எந்தக் கம்பெனியின் செட்டும் எடுபடாது. வழியில் ஆமிக்காரரின் சோதனைச் சாவடிக்குச் சாவடி கண்ணாடியை இறக்கி, எல்லாவற்றையும் நிறுத்தி, ஆளடையாள அட்டையை நீட்டவேண்டும். ஊரூராய் மார்க்கம் சொல்லத் தப்லீக் பயணம் போகிற மருமகன் மிஹ்லார், வளவுக்குள் பாட்டுச் சத்தம் கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். மரியாதையான பிள்ளை, வாய் திறந்து ஒன்றும் சொல்லமாட்டார். அது இன்னும் கஷ்டம்.

கடைசியில் காலிதீன் ஜித்தாவில் செய்ததையே ஊரிலும் செய்தார். ஹயர் முடிந்து ஆளை இறக்கிவிட்டு, திரும்பி வரும் வழியில் நாவிதன்வெளிப் பக்கம் வயலோரமாகக் காரை நிறுத்தி, கண்ணாடிகளை ஏற்றி, தனியாகக் கேட்டார். ஒரு கடலைத் தாண்டிப் போய்ப் பழகிய தனிமையை அவ்வளவு காசு கொடுத்துத் திரும்பவும் வாங்கியிருந்தார்.

ஹாஜறா காரில் ஏறாமல் இல்லை. கலியாண வீட்டுக்கும் மையித்து வீட்டுக்கும் ஏறினாள், பின் சீட்டில். ஊர் வழக்கம் அது. பெண்கள் பின்னால். முன் சீட் ஆண்பிள்ளைக்கு, ஆண்பிள்ளை இல்லாவிட்டால் சாமான் பைக்கு. காலிதீன் முதல் வருசம் முழுக்கக் கேட்டுப் பார்த்தார்.

"முன்னுக்கு வந்து இரியேன் புள்ள. சத்தம் முன்னுக்கு இருந்தாத்தான் வடிவாக் கேக்கும்."

"ஐயோ, ஊர் சிரிக்கும். குமருப்புள்ளய ஊட்டுல வெச்சிட்டு நான் முன்னுக்கு ஏறிச் சவாரி போறதா?"

இரண்டாம் வருசம் கேட்பதை விட்டுவிட்டார். கேட்டுக் கெஞ்சி, சிரிக்கவைத்து, சம்மதிக்கவைக்கிற கதையெல்லாம் அவர் நாக்கில் இல்லை. பேசக்கூடாத வேலையில் பதினைந்து வருசம் இருந்தவரின் நாக்கு அப்படித்தான் ஆகிவிடும். வீட்டில் சோறு போடு என்பார், போதும் என்பார், கதவைப் பூட்டியாச்சா என்பார். ஹாஜறாவும் அதற்குத் தக்கபடி பதில் சொல்லிப் பழகிக்கொண்டாள். இருவருக்கும் சண்டை சச்சரவு கிடையாது. சண்டை பிடிக்கவும் கொஞ்சம் கதை வேண்டுமே.

தொண்ணூற்றேழில் ஸுல்பிகாவுக்கு மருதமுனையில் ஒரு நல்ல இடம் பொருந்தி வந்தது. மாப்பிள்ளை வீட்டார் ஆசிரியர் குடும்பம், அவசரப்படுத்தாத மனிசர்கள். ஆனாலும் வீடு வேண்டும். சுவர் எழும்பி நின்ற வீட்டுக்குக் கூரை இல்லை. காலிதீன் ஒரு நாள் முழுக்க யோசித்துவிட்டு, காரை விற்கப் போவதாகச் சொன்னார். ஹாஜறா அவரை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். சரி என்றாள்.

வாங்க வந்தவர் அக்கரைப்பற்று முகைதீன்பாவா ஹாஜியார், அரிசி ஆலைக்காரர். டயரை உதைத்துப் பார்த்தார், என்ஜினுக்குக் காது கொடுத்தார், ஏசியில் கையைக் காட்டினார். காலிதீன் செட்டைப் போட்டுக் காட்டினார். இரண்டு வருசத்தில் ஒரு மனிசர் முன் சீட்டில் இருந்து அதை ஒழுங்காகக் கேட்டது அன்றைக்குத்தான்.

"நல்லாத்தான் இரிக்கி," என்றார் ஹாஜியார். "ஆனா தம்பி, இதுக்கெண்டு நான் தனியாக் காசு தரமாட்டன். எனக்குத் தேவை கார். பாட்டுக் கேக்கிற வயசா எனக்கு?"

"இது கம்பெனியாலயே போட்டு வந்த செட், ஹாஜியார்."

"இரிக்கட்டுமே. கார் பழசாகக்குள்ள அதுவும் பழசுதானே."

காலிதீன் செட்டை நிறுத்தினார். செட் இல்லாத காருக்கு என்ன விலையோ அந்த விலைக்கே பேச்சு முடிந்தது. ஹாஜியார் மறுநாள் காலையில் வந்து எடுத்துப்போவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அன்று பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு வந்து காலிதீன் காரைத் துடைத்துக்கொண்டிருந்தார். விற்ற காரை ஏன் துடைக்கவேண்டும்? கை சும்மா இருக்கமாட்டேன் என்றது. முன்வீட்டில் யாரும் இல்லை, மூத்தவள் புருசனோடு வெளியே போயிருந்தாள். ஹாஜறா பின்பக்கத்திலிருந்து வந்தாள். கையில் ஒரு சீலைப் பொட்டலம். தெருப் பக்கக் கடப்படியைப் பார்த்தாள், கதவு சாத்தியிருக்கிறதா என்று. சாத்தியிருந்தது. முன் கதவை அவளே திறந்து, முன் சீட்டில் ஏறி இருந்தாள்.

காலிதீன் துணியும் கையுமாக நின்றார்.  ஐம்பதுக்குக் கிட்டிய வயதில் புதுமாப்பிள்ளை மாதிரி நெஞ்சு அடித்தது, சொன்னால் யார் நம்புவார்கள்? சுற்றி வந்து தன் சீட்டில் இருந்து, கதவைச் சாத்தி, கண்ணாடிகளை ஏற்றினார். எந்தப் பாட்டைப் போடுவது என்று கசட்டுகளைப் புரட்டினார்.

"இது இதுல பாடுமா?" என்று ஹாஜறா பொட்டலத்தை அவிழ்த்தாள். உள்ளே கசட்டுகள். ஜித்தாவிலிருந்து அவர் பேசிப் பதிந்து, லீவில் வருகிறவர்களிடம் கொடுத்தனுப்பியவை. கடிதம் எழுதச் சோம்பல்பட்ட காலத்தில் எல்லாரும் அப்படித்தான் அனுப்பினார்கள்.

"இன்னும் வெச்சிரிக்கியா?"

"ரேடியோவத்தானே கொண்டு போனானுகள். இத மடியில கட்டிட்டுத்தான் நான் ஓடின. பொறகு ஊட்டுல ரேடியோ வாங்கவும் இல்ல, ஏழு வருசமாக் கேக்கல்ல."

"அடுத்த ஊட்டு ரேடியோவில போட்டிரிக்கலாமே."

"நீங்க எனக்குக் கதச்சத்த அடுத்த ஊட்டுலயா போட்டுக் கேக்கிற?"

 காலிதீன் ஒரு கசட்டை வாங்கிச் செட்டில் தள்ளினார். கொஞ்ச நேரம் சிர் என்றது. பிறகு ஒரு ஆண் குரல் கார் நிறைய எழுந்தது.

"அஸ்ஸலாமு அலைக்கும் புள்ள ஹாஜறா. சொகமா இரிக்கியா?"

குரல் நின்றது. கேள்வி கேட்டுவிட்டு, பதில் சொல்ல எவ்வளவு நேரம் எடுக்குமோ அவ்வளவு நேரம் பொறுத்திருப்பது அந்தக் காலத்தில் காலிதீனின் பழக்கம். அதை அவரே மறந்துபோயிருந்தார். ஹாஜறா மறக்கவில்லை.

"வஅலைக்குமுஸ்ஸலாம். சொகமா இரிக்கன்," என்றாள் மெல்லமாக, ஸ்பீக்கரைப் பார்த்து.

"சின்னவள் நடக்காளா? உழுந்து எழும்பினாத்தான் நடை வரும், நீ பயந்து தூக்கிட்டுத் திரியாத."

"ஓம், நடக்காள்."

"இஞ்ச இண்டைக்கு ஒரே மணல் காத்து. சோத்துக்குள்ளயும் மணல். ஒன்ட கையால ஆக்கின கணவாக் கறிய நெனச்சிட்டுத் திண்டன். சிரிக்காத."

ஹாஜறா சிரித்தாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்தாள். அப்படி அவள் சிரித்ததைக் காலிதீன் ஊர் திரும்பியபின் ஒருநாளும் காணவில்லை. குரல் அவளைக் கேலி செய்தது, மன்னிப்புக் கேட்டது, பெருநாளுக்கு என்ன நிறத்தில் சீலை வேண்டும் என்று கேட்டுவிட்டுப் பொறுத்திருந்தது. ஒவ்வொரு இடைவெளியிலும் அவள் பதில் சொன்னாள். காலிதீனுக்குப் பொறாமையாக இருந்தது. வெட்கக்கேடுதான், ஆனால் பொறாமையேதான். இவ்வளவு கதைக்கத் தெரிந்த இந்த மனிசன் யார், இவன் எங்கே போய்விட்டான் என்று அவர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு யோசித்தார்.

"நல்ல சத்தம்," என்றாள் ஹாஜறா, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "நீங்க சொன்னது சரிதான். ஆள் பக்கத்துல இருந்து கதைக்கிற மாதிரியே இரிக்கி."

நான் பக்கத்தில்தானே இருக்கிறேன் என்று சொல்ல அவர் வாயைத் திறந்தார். அதற்குள் குரல் இன்னொரு கேள்வி கேட்டுவிட்டது, ஹாஜறா அந்தப் பக்கம் திரும்பிவிட்டாள். இந்தப் பக்கம் முடியட்டும், கசட்டைத் திருப்பிப் போடும்போது சொல்லலாம் என்று பார்த்திருந்தார். என்ன சொல்வது என்றுகூட ஒருவாறு கூட்டிவைத்தார். நாடா முடிந்தது. அவர் கையை நீட்டினார். உள்ளே சின்னதாக ஒரு சத்தம் கேட்டது, செட் தானாகவே மற்றப் பக்கத்தைப் பாடத் தொடங்கியது. அந்த அவசரத்தில் அவர் மறந்துவிட்டார், கொடுத்த காசுக்கு அந்த வசதியும் அதில் இருந்தது.