கொழும்பிலிருந்து திருச்சிக்கு

அய்யாவுக்கு உடம்பு மோசம், உடனே புறப்படு என்று தந்தி வந்தது. என் வீட்டுக்காரர் தம் முதலாளியிடம் சொல்லி எனக்கு ஆகாய விமானத்தில் இடம் பிடித்துவிட்டார். இரண்டாம் உலக யுத்தம் முடிந்திருந்த சமயம். கொழும்பிலிருந்து திருச்சிக்கு விமானம் போகிறது என்று கேள்விப்பட்டிருந்தோமே தவிர, எங்கள் தெருவில் யாரும் அதில் ஏறியதில்லை. அய்யாவை நினைத்து அழுதேன். அழுதுகொண்டே எந்தப் பட்டுச்சேலையைக் கட்டுவது என்றும் யோசித்தேன். அவ்வளவு அழகு என் புத்தி.

என்னைப் பெற்ற அய்யா ராஜபாளையத்தில் பஞ்சுக் கடையில் எடை போட்டவர். அம்மா போன பிறகு தானே பொங்கித் தின்றுகொண்டு தனியாக இருந்தார். வருஷா வருஷம் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆடித் தேருக்கு வரச்சொல்லி எழுதுவார். கப்பல் எனக்கு ஒத்துக்கொள்ளாது, குடலே வெளியே வந்துவிடும் என்று நானும் தவறாமல் பதில் போடுவேன். உண்மையில் கல்யாணமாகிப் போனபோது ஒரே ஒரு தடவை வாந்தி எடுத்தேன். அதை வைத்தே பத்து வருஷம் ஓட்டிவிட்டேன். அந்த ஒற்றை அறையும் அடுப்புப் புகையும் தெருக்கோடிக் கிணறும், குழாய்த் தண்ணீருக்குப் பழகிப்போன எனக்குப் பிடிக்காமல் போயிருந்தன. சொல்லவே கூசுகிறது. அவரோ கொழும்புக்கு வருகிறவர்களிடமெல்லாம், வாந்திக்கு நல்லது என்று உப்பு நார்த்தங்காய் கொடுத்தனுப்புவார். நான் அதைத் தயிர்ச்சோற்றுக்குத் தொட்டுக்கொள்வேன்.

விமானத்தில் காது அடைத்ததைத் தவிர ஒரு தொந்தரவும் இல்லை. கடலைப் பார்த்து முடிப்பதற்குள் கரை வந்துவிட்டது. திருச்சியில் ரயிலேறி, விருதுநகரில் வண்டிக்குக் காத்துக் கிடந்து, மறுநாள் காலையில்தான் வீடு வந்து சேர்ந்தேன். அதற்குள் அய்யாவுக்குக் காய்ச்சல் இறங்கியிருந்தது. சுவரில் சாய்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்திருக்கப் பார்த்தார்.

அன்று தெருவே திரண்டு வந்தது. நோயாளியைப் பார்க்க அல்ல, என்னைப் பார்க்க. பயமாக இருந்ததா, மேகத்தைத் தொட முடியுமா என்று ஆளுக்கொரு கேள்வி. எனக்குத் தலைகால் புரியவில்லை.

"எம்புட்டு நேரம் ஆச்சு தாயி?" என்று எதிர்வீட்டு அக்கா கேட்டார்.

"கொழும்புல ஏறுனா ரெண்டு மணி நேரங்கூட இல்லக்கா, திருச்சி வந்துருது. அலுங்காம குலுங்காம வந்தேன்" என்று பெருமையாகச் சொன்னேன்.

"அம்புட்டுத்தானா?" என்றார் அய்யா.

எல்லோரும் அவர் பக்கம் திரும்பினார்கள். "இங்கன இருந்து தேருக்கு மாட்டுவண்டியில போனா அம்புட்டு நேரம் ஆகும்லா. நான் என்னமோ பெரிய தூரம்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன்" என்றார். முகம் பூரித்துக் கிடந்தது. "அப்ப இனிமே ஆடிக்கு வந்துரலாம்ல தாயி?"

வாரேன் என்று சட்டென்று சொல்லியிருக்கலாம். தலையைக் குனிந்து சேலை நுனியைத் திருகிக்கொண்டிருந்தேன். அய்யா என்னைச் செத்த நேரம் பார்த்தார். சிரிப்பு மெல்ல அடங்கியது. அவருக்குப் புரிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது.

எதிர்வீட்டு அக்கா விடவில்லை. "பொறவென்ன, ரெண்டு மணி நேரந்தான? வருசா வருசம் வரலாமே" என்றார்.

அய்யா அவசரமாகக் குறுக்கே விழுந்தார். "வெவரம் தெரியாமப் பேசாத. திருச்சி வரைக்குந்தான் அது. அங்கன எறங்கி ரயிலு ஏறணும், விருதுநகர்ல ராத்திரி பூரா பொம்பளப் புள்ள தனியாக் காத்துக் கெடக்கணும். அது எப்படி வரும், பாவம்?"

அடுத்த ஆடிக்கும் வரச்சொல்லி எழுதினார். விருதுநகரில் ரயிலுக்குக் காத்துக் கிடப்பதுதான் கஷ்டமாக இருக்கிறது என்று நான் பதில் எழுதினேன்.