கொள்ளைக்கப்பலில் என் உத்தியோகம்

வெள்ளவத்தையில் எங்கள் பிளாட்ஸ் சங்கத்துக்கு நான் செயலாளர். செயலாளர் என்றால், தலைவர் சொல்வதை எழுதி, பிறகு தலைவருக்கே வாசித்துக் காட்டுபவர். பெரிய பொறுப்பு. வேறு யாரும் கேட்காததால் எனக்குக் கிடைத்தது.

தலைவர் இளைப்பாறிய வங்கி மனேஜர். கார் நிறுத்துமிடத்தில் அரைவாசி அவருடையது. மொட்டைமாடியில் நல்ல வெயில் படுகிற உடுப்புக் கொடியும் அவருடையதுதான். கூட்டத்தில் எதையாவது சொல்லிவிட்டு, "என்ன ஐசே?" என்று என்னைப் பார்ப்பார். "ஓம், அதுதான் சரி" என்பேன். தீர்மானம் நிறைவேறிவிடும்.

ஐந்தாம் மாடிக்குக் கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு இளம்பெண் குடிவந்தாள். விளம்பரக் கம்பனி ஒன்றில் படம் வரைகிற வேலை. ஞாயிறுதோறும் கடற்கொள்ளையர் சித்திரக்கதை ஒன்றை வரைந்து இணையத்தில் போடுகிறாள் என்பதை என் மனைவிதான் கண்டுபிடித்தாள். லிப்டில் சந்தித்தபோது, "கப்பலைப் பற்றி உங்களுக்கென்ன பிள்ளை தெரியும்?" என்று கேட்டேன்.

"அப்பாவுக்கு ஹாபரில வேலை அங்கிள். கப்பலெல்லாம் சின்னனிலேயே பாத்திட்டன். கொள்ளைக்காரரைத்தான் இஞ்ச வந்து பாத்தனான்."

நானும் சிரித்துவைத்தேன்.

வீட்டுக்கு வந்து போனில் அதைத் திறந்தால், கப்டன் அச்சொட்டாக எங்கள் தலைவர். அதே தொந்தி, மை பூசிய மீசை, கையைப் பின்னால் கட்டிய நடை. தீவுகளைக் கொள்ளையடிப்பதற்கு முன் கூட்டம் வைத்துத் தீர்மானம் எடுக்கிறார். சிரித்துச் சிரித்து எனக்குப் புரைக்கேறியது. மனைவியிடம் காட்டினேன். அவள் என்னைவிட அதிகமாகச் சிரித்தாள். ஆனால் அவளுடைய விரல் கப்டனின் தோளில் இருந்தது. அங்கே ஒரு கிளி. மூக்குக்கண்ணாடி போட்ட கிளி. கப்டன் எதைச் சொன்னாலும், "ஓம், அதுதான் சரி" என்றது.

"நல்லா வரைஞ்சிருக்கிறாள், என்ன?"

"அது கிளி," என்றேன்.

"ஓம், கிளிதான்," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஒரு கிழமை கோபமாக இருந்தேன். அடுத்த ஞாயிறு வீட்டில் எல்லோருக்கும் முதல் எழும்பி வாசித்ததும் நான்தான். வாசகர்களுக்குக் கிளியைத்தான் பிடித்திருந்தது. கிளிக்குத் தனிக்கதை வேண்டுமென்றுகூட ஒருவர் எழுதியிருந்தார். எனக்குள் கொஞ்சம் புளுகமும் பெருமையுமாகத்தான் இருந்தது.

தலைவரும் வாசித்தார். "அந்தக் கப்டன் ரெண்டாம் மாடி டொக்டரை உரிச்சு வைச்ச மாதிரி. என்ன ஐசே?"

"ஓம், அதுதான் சரி," என்றேன்.

பிறகு ஒரு ஞாயிறு புயல் அடித்தது. கிளி கடலில் விழுந்தது. கடைசிக் கட்டத்தில் மூக்குக்கண்ணாடி மட்டும் மிதந்தது. லிப்டுக்குக் காத்திராமல் படியேறிப் போனேன்.

"ஏன் பிள்ளை கிளியைச் சாகடிச்சனீங்கள்?"

"அலை அடிச்சதுதானே அங்கிள்."

"அதுக்குச் செட்டை இருக்கே! பறந்திருக்கலாமே!"

"நானும் யோசிச்சனான். ஆனா கப்டன் பறக்கச் சொல்லேல்லையே," என்றாள். பிளேன்ரீ குடிக்கிறீர்களா என்றும் கேட்டாள். குடித்துவிட்டு வந்தேன்.

அடுத்த கூட்டத்தில் தலைவர், தண்ணீர் மோட்டர் பழுதாகப் போகிறது, புதிது வாங்கவேண்டும் என்றார். வழக்கம்போல என்னைப் பார்த்தார்.

"இல்லை," என்றேன். "இப்ப தேவையில்லை."

கூட்டமே திரும்பிப் பார்த்தது. இரண்டாம் மாடி டொக்டர் கைதட்டினார். பிறகு எல்லோரும் தட்டினார்கள். தலைவரின் தீர்மானம் முதல்முறையாகத் தோற்றது. வீட்டில் மனைவி எனக்கு மீன் பொரித்துத் தந்தாள்.

அந்தக் கிழமையே மோட்டர் எரிந்தது. தலைவர் சொன்னது அந்த ஒரு தடவைதான் சரியாக இருந்திருக்கிறது. பிளாட்ஸ் முழுக்க வாளியோடு படியேறியது. மூன்றாம் மாடித் திருப்பத்தில், மூச்சிரைக்க வாளியோடு வந்த எனக்குத் தலைவர் ஒதுங்கி வழிவிட்டார். அந்த மரியாதையைத்தான் தாங்க முடியவில்லை.