குறையாத பிரேக் ஆயில்

மருந்துக்கடையில் அவருக்குச் சொட்டு என்று பெயர். பத்தொன்பது வருடமாக அங்கே மருந்து எடுத்துக் கொடுக்கிறார். ஒரு சீட்டை மூன்று தடவை படிக்காமல் அலமாரிப் பக்கம் திரும்ப மாட்டார். வரிசையில் நிற்பவர்கள் முணுமுணுப்பார்கள். அவர் காதில் ஏறாது. தப்பாகக் கொடுத்துவிடுவோமோ என்ற பயம்தான் இவரை இவ்வளவு நாள் வேலையில் வைத்திருக்கிறது என்று முதலாளியே சொல்வார்.

சாயங்காலம் அந்தப் பயமும் அவரோடு வீட்டுக்கு வரும். வந்து உட்காரும் இடம் கார்.

காருக்கு இருபத்திரண்டு வயது. மகளைவிட ஆறு வயது மூப்பு. ஞாயிறு காலை பல் தேய்த்த கையோடு பானட்டைத் தூக்குவார். பிரேக் ஆயில் நிற்கும் வெள்ளை டப்பாவில், மருந்துப் புட்டியில் போடுவதுபோல மெல்லிய பேனாக் கோடு ஒன்று போட்டிருந்தார். ஆயில் அந்தக் கோட்டுக்கு மயிரிழை கீழே தெரிந்தால் போதும், அன்று அவருக்குச் சோறு இறங்காது. காருக்கடியில் காகிதம் விரித்துக் கசிவு தேடுவார். திங்கள் வரைக்கும் வீட்டில் யாரும் சிரிக்க முடியாது.

ஆனால் இரண்டு மாதமாக ஆயில் கோட்டிலேயே நின்றது.

"வயசானாலும் எப்படிக் கட்டுக்கோப்பா இருக்கு பாரு" என்றார் மனைவியிடம்.

"காரைத்தான சொல்றீங்க?" என்றாள் அவள்.

அன்று சனிக்கிழமை. மலைமேல் இருக்கும் பள்ளியில் மகளுக்குச் சதுரங்கப் போட்டி. மனைவி காரை ஓட்டிப் போயிருந்தாள். திரும்பி வர பன்னிரண்டு வளைவு இறங்க வேண்டும். கடைக்கு அரைநாள் விடுமுறை என்பதால், சொட்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை செய்யும் வேலையில் இறங்கினார்: வீட்டிலுள்ள எல்லாப் புட்டிகளின் காலாவதித் தேதியையும் பார்ப்பது. தைலம், பினாயில், பெயின்ட், கடைசியாகக் கார் கொட்டகைத் தட்டில் இருந்த பிரேக் ஆயில்.

எடுத்ததுமே கை சொல்லிவிட்டது, எடை போதாது. மூடியைத் திருகினார். சீல் இல்லை. பாதிக்கு மேல் காலி. பிரித்த புட்டியில் காற்றின் ஈரம் ஏறிவிடும் என்று ஒருநாள்கூட அதை வைத்திருக்காதவர் அவர். இந்தப் புட்டியை அவர் பிரிக்கவே இல்லை. பக்கத்தில் பழைய மருந்து மூடி ஒன்று, அளக்கிற மூடி, கவிழ்ந்திருந்தது.

ஆறு தடவை மணி அடித்த பிறகுதான் மகள் போனை எடுத்தாள்.

"எங்கம்மா இருக்கீங்க?"

"இறங்கிட்டிருக்கோம்பா. நான் தோத்துட்டேன். இப்பவே சொல்லிட்டேன், வீட்ல வந்து கேக்காதீங்க."

"பிரேக் ஆயில் புட்டிய யாரு பிரிச்சது?"

"அம்மாதான். வெள்ளிக்கிழமை ஆனா உங்க கோடு வரைக்கும் ஊத்துவாங்க. ஞாயித்துக்கிழமையாவது மனுஷன் நிம்மதியா சாப்பிடட்டும்னு."

சொட்டு தரையைப் பார்த்தார். காய்ந்து கிடந்தது. அரைப் புட்டி ஆயில் எங்கேயோ போயிருக்கிறது, எங்கே என்று தெரியவில்லை.

"ஸ்பீக்கர்ல போடு. பிரேக் எப்படி இருக்கு?"

"இன்னைக்கு மிதிச்சா கொஞ்சம் ஆழமா போகுதுங்க" என்றாள் மனைவி. "மேல இருந்து கிளம்பும்போதே பாத்தேன். உங்ககிட்ட சொன்னா நீங்க..."

"எத்தனாவது வளைவு?"

"அஞ்சு."

இன்னும் ஏழு. கத்தினால் அவள் பதறுவாள். சீட்டைப் படித்துக் காட்டும் குரலில் ஒவ்வொன்றாகச் சொன்னார். "ரெண்டாவது கியருக்கு வா. பிரேக்க விட்டு விட்டு மிதி. மலைப் பக்கமா ஒட்டிக்கோ."

"பெடல் தரையைத் தொடுதுங்க." அவள் குரல் இவ்வளவு மெலிந்து அவர் கேட்டதில்லை.

"முதல் கியர். ஹேண்ட் பிரேக்க வெடுக்குனு இழுக்காத. கடக் கடக்குனு ஒவ்வொரு பல்லா இழு. நான் எண்ணுறேன்."

ஒன்று, இரண்டு, மூன்று. நான்கில் சரளைக்கல் அரைபடும் சத்தம். ஐந்தில் ஏதோ இடித்தது. அப்புறம் ஒன்றுமே கேட்கவில்லை. காலிக் கொட்டகையில் புட்டியை நெஞ்சோடு அணைத்தபடி அவர் ஆறு, ஏழு, எட்டு என்று எண்ணிக்கொண்டே போனார்.

"அப்பா, போதும். வண்டி நின்னுருச்சு."

வழக்கமான மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு அவர் மேலே போனபோது, காரின் மூக்கு மலையோர வடிகாலில் இறங்கியிருந்தது. இருவருக்கும் கீறல்கூட இல்லை. மெக்கானிக் பின்சக்கரத்தைக் கழற்றினார். உள்ளே பிரேக்கின் இரும்பு டிரம் முழுக்க ஆயில்.

"ரப்பர் போயிருக்கு சார். கசிஞ்சதெல்லாம் இதுக்குள்ளயே தங்கிருச்சு, அதான் தரையில விழல. மட்டம் குறைஞ்சதப் பாத்திருந்தா அப்பவே பிடிச்சிருக்கலாம்."

"என்கிட்ட யாரும் சொல்லலையே."

"நீங்க பயப்படுற பயத்துக்கு யாரு சார் வந்து சொல்லுவா?"

மனைவி வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

ரப்பரும் ஆயிலும் புதிதாகப் போட்டாயிற்று. அடுத்த ஞாயிறு அவர் பானட்டைத் தூக்கியபோது அவளும் வந்து பக்கத்தில் நின்றாள். ஆயில் கோட்டுக்கு மயிரிழை கீழே இருந்தது.

"குறைஞ்சிருக்கு, இல்ல?" என்றாள்.

"குறைஞ்சிருக்கு." மெக்கானிக்குக்குப் போன் போட்டார். நாளைக் காலையில் வந்து பார்ப்பதாகப் பதில் வந்தது.

அப்புறம் உள்ளே போய்ச் சாப்பிட உட்கார்ந்தார். ஒவ்வொரு வாயும் இறங்க மறுத்தது. எதிரில் அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். தண்ணீரைக் குடித்துக் குடித்து, தட்டில் ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டு முடித்தார்.