வெண்கலப் பானை, ஐந்து ஸ்டார், ஒரு நாத்தனார்

போன சனிக்கிழமை காலை குடவாசலிலிருந்து என் நாத்தனார் வசந்தா போன் செய்தாள். குரலில் தேன் வழிந்தது.

"அண்ணி, ஜமீன் வீட்டு வெண்கலப் பானைன்னு ஏதோ ஏலத்துல போட்டிருக்கீங்களாமே. எங்க வீட்ட ஜமீன்னு நீங்க ஒத்துக்கிட்டது இதான் முதல் தடவ. ரொம்ப சந்தோஷம்."



விஷயத்துக்கு வருகிறேன். மூன்று மாதமாக நான் ஆன்லைன் ஏல வியாபாரி. உங்களிடம் சொல்லவில்லை... கொஞ்சம் வெட்கம்தான். சென்னையில் வேலை பார்க்கும் மகன் கார்த்திக் வந்தபோது போனில் ஒரு ஆப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனான். முதலீடு? ஒரு செல்போன், ஒரு ஸ்டூல், பின்னால் தொங்கவிட என் வீட்டுக்காரரின் வெள்ளை வேட்டி. சரக்கு? எங்கள் நீடாமங்கலம் வீட்டுப் பரண். இருபத்தைந்து வருட விசேஷங்களில் வந்து சேர்ந்த சுவர்க்கடிகாரம் மட்டும் பதினொன்று!

யூடியூபில் ஒரு தம்பி தினமும் பாடம் எடுத்தார். "மேடம், பொருளை விக்காதீங்க. கதையை வில்லுங்க."

கதையா? வாராவாரம் இந்தப் பக்கத்தில் நான் வேறென்ன செய்கிறேன்? வாசலில் சைக்கிள்காரரிடம் பேரம் பேசி வாங்கிய ஊறுகாய் ஜாடி, 'பர்மாவிலிருந்து கப்பலேறி வந்த ஜாடி' ஆனது. பெங்களூர்க்காரர் ஒருவர் போட்டி போட்டு வாங்கி, ஐந்து ஸ்டாரும் கொடுத்தார். ஐந்து ஸ்டார் வந்தால் மனுஷிக்கு நடையே மாறிவிடுகிறது.

"சம்பா தண்ணியில நிக்குது. இவ ஸ்டாரு எண்ணிக்கிட்டு நிக்கிறா" என்றார் வீட்டுக்காரர். பொறாமை.

அப்புறம்தான் அந்தப் பானை. பரணின் கடைசி மூலையில் கரி பிடித்துக் கிடந்தது. மாமியார் காலத்துச் சாமான் என்று நினைத்தேன். 'ஜமீன் வீட்டு வெண்கலப் பானை. வயது நூறு' என்று எழுதினேன்.

பழைய சாமானைத் தேய்க்காமல் அப்படியே போட வேண்டும், அழுக்குக்குத்தான் மதிப்பு என்று யூடியூப் தம்பி படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். கேட்க முடியுமா? தேய்க்காத பாத்திரத்தை நாலு பேர் பார்க்க வைத்தால், என்னைப் பற்றி என்ன நினைப்பார்கள்? புளி, சாம்பல், தேங்காய் நார் என்று அரை நாள் தேய்த்தேன். தங்கமாக மின்னியது. வெயிலில் வைத்துப் போட்டோ எடுத்து, ஆப்பில் போட்டு, போதாதென்று வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும் வைத்தேன்.

பானையோடு சேர்ந்து அதன் கழுத்தில் புள்ளிப் புள்ளியாக வெட்டியிருந்த எழுத்தும் மின்னியது. நான் கண்ணாடி போடவில்லை. சிங்கப்பூரில் இருக்கும் வசந்தாவின் மகன் பிரபுவுக்குக் கண்ணாடியே தேவையில்லை. பெரிதாக்கிப் பார்த்து அம்மாவுக்கு அனுப்பிவிட்டான்.

'வசந்தா – சேகர், குடவாசல். புதுமனை புகுவிழா அன்பளிப்பு.'

எங்கள் பக்கம் பேர் வெட்டாமல் யாரும் பாத்திரம் கொடுப்பதில்லை. பந்தியில் மாறிப் போகாமல் இருக்க என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். இல்லை. இது சாட்சிக்காக.

உண்மையைச் சொல்கிறேன், பயந்துவிட்டேன். எங்கள் மகள் கல்யாணப் பந்தியில் இரண்டாம் தடவை சாம்பார் கேட்டும் வரவில்லை என்று மூன்று வருடம் பேசாமல் இருந்தவள் வசந்தா. போன ஆடிப்பெருக்குக்குத்தான் வீட்டுப் படி ஏறினாள். வரும் தையில் கார்த்திக்குக் கல்யாணம். மாப்பிள்ளையின் அத்தை மணவறைப் பக்கம் இல்லையென்றால், ஊர் வேறு எதைப் பற்றியும் பேசாது.

வீட்டுக்காரர் கோபப்படவில்லை. அதுதான் வலித்தது. "எனக்கு இருக்கிறது ஒரே தங்கச்சி. அதையும் ஏலத்துல விட்டுட்டியா?" என்று கேட்டுவிட்டு வயலுக்குப் போய்விட்டார்.

ஏலத்தை ரத்து செய்யப் போனேன். 'ரத்து செய்தால் உங்கள் ஸ்டார் குறையும், பரவாயில்லையா?' என்று கேட்டது ஆப். ஐந்து ஸ்டாரா, நாத்தனாரா? ஒரு நிமிடம் யோசித்தேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன். பிறகு வசந்தாவைக் கூப்பிட்டு, "நிறுத்திடறேம்மா, தெரியாம நடந்துபோச்சு" என்றேன்.

"ஏன் நிறுத்தணும்?" தேன் காணாமல் போயிருந்தது. "எம் பேரு போட்ட பானை ஆயிரத்து எண்ணூறுல நிக்குது. ஊரே பாக்குது. நாங்க அவ்வளவுதானா அண்ணி? நடக்கட்டும். எதுல போயி நிக்குதுன்னு நானும் பாக்கிறேன்."

விற்றதுகூடக் கோபமில்லை. விலை போகவில்லை என்பதுதான் கோபம்!

ஞாயிறு மதியம் பன்னிரண்டுக்கு ஏலம் முடிய வேண்டும். பதினொன்றரைக்கு 'டெல்டா கிங்' என்று ஒருவர் உள்ளே வந்தார். அதுவரை முன்னால் நின்ற கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் இருநூறு ஏற்றினால் இவர் ஐந்நூறு ஏற்றினார். எங்கள் ஊர்க் கோயில் திருவிழாவில் எலுமிச்சம்பழம் ஏலம் போவதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். அங்கே யாரும் பழத்தையா கேட்கிறார்கள்? பக்கத்தில் நிற்பவர் தன்னைத் தாண்டக் கூடாது என்று கேட்கிறார்கள். ஒன்பதாயிரத்து நானூற்றில் கோயம்புத்தூர் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டது.

டெல்டா கிங் கொடுத்த டெலிவரி விலாசத்தைப் பார்த்தேன். எங்கள் வீட்டுக் கதவு எண். எங்கள் தெரு. பெறுபவர், என் வீட்டுக்காரர். பணம் கட்டியது சிங்கப்பூரிலிருந்து, பிரபு.

அனுப்பிய ரசீது காட்டாமல் ஆப் பணத்தை விடாது. பானைக்கு வைக்கோல் சுற்றி, அட்டைப் பெட்டியில் வைத்து, கூரியர் ஆபீசில் கொடுத்தேன். அங்கிருந்த பையன் 'அனுப்புநர்', 'பெறுநர்' இரண்டையும் படித்துவிட்டு என்னைப் பார்த்தான். நான் சுவரைப் பார்த்தேன். பானை தஞ்சாவூர் போய், இரண்டு நாள் தங்கி, எங்கள் வீட்டுக்கே திரும்பி வந்தது. வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்டு வாங்கினார். அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு அன்றுதான் சிரித்தார்.

வசந்தாவுக்குப் போன் செய்தேன். "பிரபு பணத்தத் திருப்பி அனுப்பிடறேம்மா. மனசுல வச்சுக்காத."

"அதெல்லாம் வேணாம் அண்ணி. கார்த்திக் கல்யாணத்துக்கு மொய்யா எழுதிக்கங்க. பானை மறுபடியும் அன்பளிப்பு."

"அப்ப... தைக்கு வருவேல்ல?"

"மொய் எழுதிட்டு எவளாவது பந்திக்கு வராம இருப்பாளா? பாயசம் அந்தப் பானையிலதான் வைக்கணும். சாம்பாரு ரெண்டு தடவ வரணும்."

சாயந்தரம் டெல்டா கிங் மதிப்புரை எழுதியிருந்தார். நான்கு ஸ்டார். 'பொருள் அருமை. வயதுதான் பொய்.'

பானை இப்போது கூடத்தில், வாசலுக்கு நேராக இருக்கிறது. பேர் தெருவைப் பார்த்தபடி.